ஒஸ்டாரா விழாவுக்கு வீட்டுப் பீடத்தை அலங்கரிப்பது எப்படி?

வடக்கு இங்கிலாந்தில் உங்களோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தோழி விக்கா என்னும் இயற்கை வழிபாட்டு நெறியைப் பின்பற்றுகிறவர் என்றும், மார்ச் மாதம் வரும் ஒஸ்டாரா என்னும் வசந்த விழாவுக்கு அவருடைய பீடத்தை அலங்கரிக்கும் வேலையில் உங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடையில் விற்கும் முட்டைகளையும் முயல் பொம்மைகளையும் வாங்கி வைத்தால் போதுமா, அல்லது இதற்குப் பழைய விதிமுறை ஏதேனும் உண்டா என்பது உங்கள் கேள்வி.

கட்டாய விதிமுறை எதுவும் இல்லை. விக்காவில் அனைவரையும் கட்டுப்படுத்தும் மறைநூலோ, இன்ன பொருளை இன்ன இடத்தில் வைக்க வேண்டும் என்று ஆணையிடும் தலைமையோ கிடையாது. ஆயினும், நல்ல ஒஸ்டாரா பீடத்தை அடையாளம் காண ஓர் அளவுகோல் உண்டு. அந்த வாரத்தில், அந்த வீட்டைச் சுற்றி உண்மையிலேயே என்ன முளைக்கிறதோ, என்ன பூக்கிறதோ, எது கூடு கட்டுகிறதோ, அது பீடத்தின்மேல் தெரிய வேண்டும். விழாவின் பொருளே அதுதான். எங்கோ அச்சிட்ட பட்டியலைப் பார்த்து வாங்கிய நெகிழிப் பூக்கள் எத்தனை அழகாக இருந்தாலும், அவை அந்த ஊருக்கு வந்த வசந்தத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

முதலில் நாளைப் பற்றித் தெளிவு வேண்டும். ஒஸ்டாரா என்பது வசந்தகாலச் சமஇரவு நாள். சூரியன் நிலநடுக்கோட்டைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் நாள். பிரிட்டனில் இது இப்போதெல்லாம் மார்ச் 20 அன்றே நிகழ்கிறது. பகலும் இரவும் சமம் என்று பொதுவாகச் சொன்னாலும், சூரிய வட்டின் மேல்விளிம்பு தெரிந்தவுடனேயே உதயம் என்று கணக்கிடுவதாலும், காற்றுமண்டலம் ஒளியை வளைத்துக் காட்டுவதாலும், பன்னிரண்டு மணி நேரப் பகல் உண்மையில் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே, மார்ச் 17 அல்லது 18 வாக்கில், வந்துவிடுகிறது. ஆகவே விழாவுக்கு முன்னும் பின்னும் சில நாள்கள் பீடம் அலங்காரத்தோடு இருப்பது பொருத்தமானதுதான். மணி பார்த்துத் தொடங்கி மணி பார்த்து முடிக்க வேண்டிய நெருக்கடி இதில் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உள்ள விக்கா நெறியினர் இதே விழாவைச் செப்டம்பர் 22 அல்லது 23இல் கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய மண்ணுக்கு வசந்தம் அப்போதுதான் வருகிறது. மார்ச் மாதம் சிட்னியில் முட்டை வைத்து அலங்கரித்தால் அது வரப்போகும் இலையுதிர்காலத்தை வசந்தம் என்று அழைப்பதாகிவிடும்.

பழமையைப் பற்றிய உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலங்காரத்தில் எதை வலியுறுத்தலாம், எதைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அதைப் பொறுத்தது. விக்கா 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான சமயம். 1735ஆம் ஆண்டின் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற சுங்க அதிகாரியான ஜெரால்டு கார்ட்னர் அதை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவரோடு பணியாற்றிய டோரீன் வேலியன்ட் அதன் வழிபாட்டு உரைகளில் பலவற்றைச் செம்மைப்படுத்தியும் புதிதாக எழுதியும் கொடுத்தார். தொடக்கத்தில் பெருவிழாக்கள் நான்குதான் முதன்மை பெற்றிருந்தன. 1958இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பிரிக்கெட் வுட் என்னும் ஊரின் விக்கா குழுவினர், சமஇரவு நாள்களுக்கும், பகல் மிக நீண்டும் மிகக் குறுகியும் இருக்கும் கதிர்த்திருப்ப நாள்களுக்கும் அதே தகுதியைக் கொடுத்தார்கள். இன்று ‘ஆண்டுச் சக்கரம்’ என்று அழைக்கப்படும் எட்டு விழாக்களின் வரிசை அவ்வாறு அமைந்ததே. அந்த வரிசையில் வசந்தச் சமஇரவுக்கு ஒஸ்டாரா என்ற பெயரை 1974இல் சேர்த்தவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எய்டன் கெல்லி.

பெயருக்குப் பின்னால் உள்ள சான்று மிகச் சிறியது. நார்த்தம்பிரியாவில் வாழ்ந்த பீட் என்ற துறவி 725ஆம் ஆண்டில் எழுதிய காலக்கணக்கு நூலில், ஆங்கிலேயர் முன்னாளில் ஏப்ரலையொட்டிய மாதத்தை ஈயோஸ்ட்ரே என்னும் தேவியின் பெயரால் அழைத்ததாகவும், அந்த மாதத்தில் அவளுக்கு விழா எடுத்ததாகவும் ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுகிறார். அவளுடைய உருவம், வாகனம், படையல் எதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1835இல் யாக்கோப் கிரிம் என்னும் ஜெர்மானிய அறிஞர், பழைய ஜெர்மன் மாதப் பெயரை வைத்து, தங்கள் நாட்டிலும் ஒஸ்டாரா என்றொரு தேவி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1958இல் ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃப் பகுதியில் ‘ஆஸ்ட்ரியஹேனே’ என்ற பெயருடைய தாய்த்தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டு வைக்கப்பட்ட ரோமானியர் காலக் கல்வெட்டுகள் நூற்றைம்பதுக்கும் மேல் கிடைத்தன; பெயர் ஒற்றுமையால் பீட் சொன்னது வெறும் கற்பனையாக இராது என்று பலர் கருதுகிறார்கள். முட்டையும் முயலும் இந்தச் சான்றுகள் எதிலும் இல்லை. தேவி ஒரு பறவையை முயலாக்கினாள், அதனால்தான் அந்த முயல் முட்டையிடுகிறது என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்பு எங்கும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

இதைக் கேட்டு உங்கள் தோழி வருந்துவார் என்று தயங்க வேண்டாம். நன்கு படித்த விக்கா நெறியினர் இதை அறிந்தே கொண்டாடுகிறார்கள். ஒரு சமயம் தன் சடங்குகளை ஏழு தலைமுறைக்குள் அமைத்துக்கொண்டதா, எழுபது தலைமுறைக்கு முன்பே அமைத்துக்கொண்டதா என்பது, அந்தச் சடங்கில் ஒருவர் வைக்கும் பக்தியின் ஆழத்தை எந்த விதத்திலும் குறைப்பதில்லை. உங்களுக்கு இதனால் கிடைக்கும் நன்மை நேரடியானது: ‘தொன்றுதொட்டு வந்த முறை’ என்ற அச்சமின்றி, ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்றபடி பீடத்தை அமைக்கலாம்.

இனி பீடத்துக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் அது தனிப் பீடமாக இருப்பதில்லை; இழுப்பறைப் பெட்டியின் மேற்புறம், புத்தக அலமாரியின் ஒரு தட்டு, சன்னல் விளிம்பு, சிறிய மடக்கு மேசை இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். பல மரபுகளில் வடக்குத் திசை நோக்கி வைப்பது வழக்கம். வேறு பலர் கிழக்கை விரும்புகிறார்கள். ஒஸ்டாராவுக்கு மட்டும் கிழக்குப் பக்கமாகத் திருப்பி வைப்போரும் உண்டு, ஏனெனில் கிழக்கு விடியலுக்கும் காற்றுக்கும் வசந்தத்துக்கும் உரிய திசையாகக் கருதப்படுகிறது. காலை வெயில் விழும் சன்னல் இருந்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். சமஇரவு நாளன்று சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் எழுவதால், அன்றைய முதல் ஒளி பீடத்தில் விழுவதைவிடச் சிறந்த அலங்காரம் வேறு எது?

எதையும் புதிதாக வைப்பதற்கு முன்பு பீடத்தை முழுவதுமாகக் காலி செய்யுங்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் இம்போல்க் விழாவின் வெள்ளைத் துணியும், உருகிய மெழுகின் படிவுகளும், உதிர்ந்த ஊதுபத்திச் சாம்பலும் பெரும்பாலும் இன்னும் அங்கேயே இருக்கும். மெழுகைச் சுரண்டியெடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் துணியை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, அதன்பின் தொடங்குங்கள். பீடத்தின் முன்னுள்ள தரையைச் சடங்குக்குரிய துடைப்பத்தால் பெருக்குவதும் விழாவின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. குளிர்கால மாதங்களில் தேங்கியதை வெளியேற்றுவதாக அதற்குப் பொருள்.

இந்தக் கட்டத்தில் ஒன்றைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். பீடத்தில் ஆண்டு முழுவதும் இருக்கும் பொருள்கள் வேறு, பருவத்துக்காக வைக்கப்படும் பொருள்கள் வேறு. முதல்வகையில் தேவிக்கும் தேவனுக்கும் உரிய இரு மெழுகுவத்திகள் அல்லது உருவங்கள், நீர்க்கிண்ணம், உப்பு, தூபக்கலம், கோல், கோப்பை, ஐமுனை விண்மீன் பொறித்த வட்டத்தட்டு, கறுப்புப் பிடியுடைய அத்தாமே என்னும் சடங்குக் கத்தி ஆகியவை அடங்கும். இவை அவரவருக்கென்று புனிதப்படுத்தப்பட்டவை. குறிப்பாக அத்தாமேயைப் பிறர் தொடுவதைப் பலர் விரும்புவதில்லை. அதைக் கொண்டு காய்கறியோ கயிறோ வெட்டுவதும் வழக்கமில்லை. ஆகவே இந்தப் பொருள்களை எடுப்பதையும் திரும்ப வைப்பதையும் உங்கள் தோழியிடமே விட்டுவிடுங்கள். உங்கள் கைக்கு உரியது இரண்டாவது வகை. அன்பு மிகுதியால் உங்கள் வீட்டுப் பிள்ளையார் சிலையையோ மாதா படத்தையோ அந்தப் பீடத்தில் சேர்த்துவிட வேண்டாம். அவரே கேட்டால் அது வேறு.

நிலையான பொருள்களின் இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டால் அலங்காரம் அவற்றை மறைக்காமல் இருக்கும். வழக்கமான அமைப்பில் தேவியின் வத்தி இடப்பக்கமும் தேவனின் வத்தி வலப்பக்கமும் நிற்கும். வடக்கில் நிலத்தைக் குறிக்கும் உப்பும் விண்மீன் தட்டும், கிழக்கில் காற்றைக் குறிக்கும் தூபம், தெற்கில் நெருப்பைக் குறிக்கும் விளக்கு, மேற்கில் நீர்க்கிண்ணம் என்று நால்திசையிலும் வைப்பார்கள். தெற்கு அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடவானில் தெரிவதால், அங்குள்ளோர் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். நடுவில் ஒரு சாண் அகலமாவது வெற்றிடம் விடுங்கள். சடங்கின்போது கைவைக்க இடமில்லாத பீடம் பார்வைக்கு நிறைவாக இருந்தாலும் பயன்பாட்டுக்கு இடைஞ்சலாகிவிடும்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இளம்பச்சை, இளமஞ்சள், வெளிர் ஊதா ஆகியவை இவ்விழாவின் நிறங்கள். பருத்தியோ லினனோ போதும், செயற்கை இழைத் துணி மட்டும் வேண்டாம், தீப்பொறி பட்டால் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

பூக்களுக்கு வரும்போது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மார்ச் மூன்றாம் வாரத்தில் வடக்கு இங்கிலாந்தில் பனித்துளிப் பூக்கள் முடியும் தறுவாயில் இருக்கும். குரோக்கஸ், பிரிம்ரோஸ், டாஃபடில் பூத்திருக்கும். வில்லோ மரக் கிளைகளில் சாம்பல்நிறப் பட்டுமொட்டுகள் வெடிக்கத் தொடங்கியிருக்கும். ஹேசல் மரத்தில் மஞ்சள் துகள் உதிர்க்கும் குஞ்சங்கள் தொங்கும். வில்லோ, ஹேசல் கிளைகள் இரண்டு மூன்றை உயரமான குடுவையில் நட்டுப் பீடத்தின் பின்புறம் வைத்தால், மற்ற அலங்காரம் அனைத்துக்கும் அது பின்புலமாக நிற்கும். நாள்தோறும் சற்றுச் சற்றாக விரியும் அந்த மொட்டுகளே விழா வாரத்தின் நகர்வைக் காட்டிக்கொண்டிருக்கும். தண்டு நீரில் நிற்கும் வில்லோ கிளை சில வாரங்களில் வேர்விட்டுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விரும்பினால் அதை நட்டுவிடலாம்.

டாஃபடிலை மொட்டாகவே வாங்குங்கள். கடைகளில் ஒரு கட்டு மலிவாகவே கிடைக்கும். வெட்டிய தண்டிலிருந்து வடியும் கொழகொழப்பான சாறு பிற பூக்களை விரைவில் வாடச் செய்யும் என்பதால், முதலில் சில மணி நேரம் அதைத் தனி நீரில் நிற்கவிட்டு, பிறகு தண்டை மறுபடி வெட்டாமல் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் டாஃபடிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்; ஈஸ்டர் காலத்தில் அதிகம் விற்கும் லில்லியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், அதன் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, பூனை நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடக்கூடும். ஹாத்தார்ன் என்னும் முட்செடியின் பூவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இந்நாட்டுப் பழைய நம்பிக்கை. அழுகலில் உண்டாகும் வேதிப்பொருள் ஒன்று அதன் மணத்திலும் இருப்பதால் அந்த அச்சம் பிறந்திருக்கலாம். எப்படியும் அது மே மாதத்தில் பூப்பது, அடுத்துவரும் பெல்டேன் விழாவுக்குரியது.

காட்டுச் செடிகளை வேரோடு பிடுங்காதீர்கள். நில உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு எடுப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். அதே போல, அலங்காரத்துக்காகப் புதரிலிருந்து பறவைக்கூட்டை எடுத்து வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மார்ச் மாதம் பல பறவைகள் கூடு கட்டும் காலம், பயன்பாட்டிலுள்ள கூட்டை எடுப்பதும் காட்டுப் பறவையின் முட்டையை வைத்திருப்பதும் சட்டப்படி தண்டனைக்குரியவை. உயிர் தழைப்பதைப் போற்றும் விழாவில் ஒரு கூட்டைக் கலைத்துக் கொண்டுவருவது விழாவின் நோக்கத்துக்கே எதிரானது. வைக்கோல், காய்ந்த புல், பாசி இவற்றைக் கொண்டு உள்ளங்கை அளவில் நீங்களே ஒரு கூடு முடையலாம். அரைமணி நேர வேலை.

அந்தக் கூட்டில் வைக்கப்போகும் முட்டைதான் ஒஸ்டாரா பீடத்தின் மையப்பொருள். முட்டைக்கு வண்ணமிடுவது இங்கிலாந்தில் கிறித்தவ ஈஸ்டரோடு வளர்ந்த வழக்கம். தவக்காலத்தில் முட்டை உண்ணாமல் சேர்த்துவைத்து, ஈஸ்டரன்று கொண்டாடினார்கள். முதலாம் எட்வர்டு மன்னரின் அரண்மனைக் கணக்கில், 1290ஆம் ஆண்டு ஈஸ்டருக்காக 450 முட்டைகளை வாங்கி, வண்ணமிட்டும் பொன்தகடு ஒட்டியும் பகிர்ந்தளிக்க 18 பென்சு செலவானதாகப் பதிவு இருக்கிறது. நீங்கள் வசிக்கும் வடபகுதிக்கே உரிய, வெங்காயச் சருகால் முட்டைக்குச் சாயமேற்றும் ஒரு முறையும் உண்டு. லங்காஷயர், கம்பிரியா, யார்க்ஷயர் வட்டாரங்களில் இதை ‘பேஸ் முட்டை’ என்பார்கள். கிராஸ்மியரில் கவிஞர் வேர்ட்ஸ்வர்த்தின் குழந்தைகளுக்காகச் செய்த பேஸ் முட்டைகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பிரெஸ்டன் நகரின் அவன்ஹாம் பூங்காவில் ஈஸ்டர் திங்களன்று மக்கள் சரிவில் முட்டை உருட்டுகிறார்கள். ஊரின் சொந்த மரபு இவ்வளவு அருகில் இருக்கும்போது சாயப்பொட்டலம் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

செய்முறை எளிது. ஒரு வாரமாகச் சமையலறையில் சேரும் வெங்காயச் சருகுகளை எடுத்துவையுங்கள். நான்கு முட்டைக்கு ஆறேழு வெங்காயத்தின் சருகு தேவைப்படும். முட்டையை நனைத்து, கொத்தமல்லியோ பார்ஸ்லியோ பெரணியோ, நரம்பு தெளிவாகத் தெரியும் ஒரு சிறு இலையை அதன்மேல் ஒட்டுங்கள். ஈரம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் சருகுகளை இடைவெளியின்றிச் சுற்றி, பழைய பருத்தித் துணித் துண்டால் இறுக்கிக் கட்டி, நூலால் முடிச்சிடுங்கள். குளிர்ந்த நீரில் இட்டு, ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்து, கொதி வந்தபின் பத்து நிமிடம் வேகவைத்து, அந்த நீரிலேயே ஆறவிடுங்கள். அவிழ்க்கும்போது முட்டை ஆரஞ்சும் செம்பழுப்பும் கலந்து, சலவைக்கல்லில் ஓடும் வரிகளைப் போன்ற கோலம் பெற்றிருக்கும். இலை இருந்த இடம் வெளிர்நிறத்தில், நரம்புகளோடு அப்படியே பதிந்திருக்கும். சில துளி எண்ணெய் தடவித் துடைத்தால் பளபளப்பு வரும். இங்குள்ள கடைகளில் பழுப்பு முட்டையே மிகுதி. வெங்காயச் சாயம் அதன்மேல் நன்றாகவே ஏறும். மஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சள்தூளும், நீலம் வேண்டுமென்றால் சிவப்பு முட்டைகோஸை வேகவைத்த நீரும் உதவும், ஆனால் அவற்றுக்கு வெள்ளை முட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வேகவைத்த முட்டையை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் பிறகு உண்ணக் கூடாது. எனவே உண்பதற்கான முட்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்து, சடங்கின்போது மட்டும் பீடத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரம் முழுவதும் கூட்டில் இருக்க வேண்டியவற்றை உள்ளீடற்ற ஓடாக்கிவிடுவது நல்லது: பச்சை முட்டையின் இரு முனையிலும் தடித்த ஊசியால் துளையிட்டு, உள்ளே ஊசியைச் செலுத்தி மஞ்சட்கருவைக் கலைத்து, ஒரு முனையில் ஊதினால் மறுமுனை வழியாக எல்லாம் வெளிவந்துவிடும். ஓட்டைக் கழுவிக் காயவைத்து, வெங்காயச் சருகைக் கொதிக்கவிட்டு வடித்து ஆறிய நீரில், மேலே ஒரு கிண்ணத்தைப் பாரமாக வைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். வீட்டில் முட்டை தொடாதவர்கள் இருந்தால் வழவழப்பான ஆற்றுக்கல்லுக்கோ மரமுட்டைக்கோ வண்ணமிட்டு வைப்பதிலும் குறையேதும் இல்லை.

முயலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த விழாவுக்கு நெருக்கமானது நீண்ட காதும் நீண்ட காலும் உடைய காட்டு முயல். கூண்டில் வளர்க்கும் உருண்டை முயல் அன்று. மார்ச் மாதத்தில் வயல்வெளிகளில் அவை பின்னங்காலில் நின்று ஒன்றையொன்று குத்துவதைப் பார்க்கலாம்; பெரும்பாலும் அது, நெருங்கிவரும் ஆணைப் பெண்முயல் விரட்டுவது. காட்டு முயல் வளை தோண்டாமல் புல்லில் படுகை அமைத்துத் தங்குகிறது. ஆள்காட்டிப் பறவையும் அதே வயலில் தரையிலேயே முட்டையிடுகிறது. படுகையையும் கூட்டையும் ஒன்றென்று கருதியதால் முட்டையிடும் முயலின் கதை பிறந்திருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றிய தெளிவான எழுத்துக் குறிப்பு 1682இல் ஜெர்மானிய மருத்துவர் ஒருவருடைய நூலில் கிடைக்கிறது. பீடத்துக்கு ஒரே ஒரு முயல் போதும். களிமண்ணில் செய்ததோ, மரத்தில் செதுக்கியதோ, வரைந்த படமோ எதுவாயினும் சரி. நான்கைந்து பொம்மைகளை நிறுத்தினால் பீடம் கடை அலமாரியாகிவிடும்.

எல்லா அலங்காரத்திலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது விதைத்தட்டுதான், ஏனெனில் அது மட்டுமே விழாவுக்குப் பின்னும் உயிரோடு தொடர்கிறது. நம் ஊர் அம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்ச் 10 வாக்கில் ஆழம் குறைந்த மண்தட்டில் கோதுமையை ஊறவைத்து நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்போர்வை போட்டு, ஈரம் காயாமல் வைத்திருந்தால், விழா நாளன்று விரல்நீளப் பசும்புல் நிற்கும். இதே சமஇரவுப் பொழுதில் ஈரானியர் கொண்டாடும் நவ்ரூஸ் புத்தாண்டின் விரிப்பிலும் இப்படி முளைத்த கோதுமையோ பயறோ கட்டாயம் இடம்பெறும். இடம் குறைவென்றால், பாதியாக உடைந்த முட்டையோட்டில் ஈரப்பஞ்சை வைத்துக் கிரெஸ் என்னும் சிறு கீரையின் விதையைத் தூவுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், ஓடும் வீணாகாது. இவற்றோடு, தோட்டத்தில் விதைக்கப்போகும் விதைகளைச் சிறு கிண்ணத்தில் பீடத்தின்மேல் வைத்து ஆசி பெறச் செய்வதும் இந்த விழாவின் முதன்மையான சடங்குகளுள் ஒன்று. உங்கள் தோழி சடங்கில் அந்த விதைகளை உள்ளங்கையில் வைத்து, வரும் ஆண்டில் எது வளர வேண்டும் என்று விரும்புகிறாரோ அதை மனத்தில் நிறுத்துவார். உங்களையும் ஒரு விதையை ஏந்தச் சொன்னால் தயங்காமல் ஏந்துங்கள்.

ஒளியும் இருளும் சமமாகும் நாள் என்பதைக் காட்டச் சிலர் ஒரு கறுப்பு வத்தியையும் ஒரு வெள்ளை வத்தியையும் ஒரே உயரத்தில் நிறுத்தி, கறுப்பிலிருந்து வெள்ளையை ஏற்றுகிறார்கள். எளிமையான, பொருள் நிறைந்த அமைப்பு. ஆனால் அன்று மட்டும் முட்டை செங்குத்தாக நிற்கும் என்று சொல்லி முயன்று பார்ப்பதை விட்டுவிடலாம். பொறுமை இருந்தால் ஆண்டின் எந்த நாளிலும் முட்டையை நிறுத்தலாம்; சீனாவில் வசந்தத் தொடக்க நாளில் முட்டை நிறுத்தும் வழக்கத்தை 1945இல் ஓர் அமெரிக்க இதழ் வெளியிட்ட பிறகே இந்த நம்பிக்கை மேற்கே பரவி, பிறகு சமஇரவோடு ஒட்டிக்கொண்டது.

தூபத்துக்கு மல்லிகை, ரோஜா, வயலட் மணங்களை விரும்புகிறார்கள். இங்குள்ள விக்கா வீடுகளில் இந்தியாவிலிருந்து வரும் ஊதுபத்தியும் எரிவதுண்டு என்பதால் அந்த மணம் உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். வாடகை வீடு என்றால் புகை எச்சரிக்கைக் கருவியின் நேர்கீழே ஏற்ற வேண்டாம். வத்திகளுக்கும் வில்லோ கிளைகளுக்கும் வைக்கோல் கூட்டுக்கும் இடையே ஒரு முழமாவது இடைவெளி இருக்கட்டும். காய்ந்த வைக்கோல் நொடியில் பற்றிக்கொள்ளும். அறையை விட்டு வெளியேறும்போது வத்திகளை அணைத்துவிடுங்கள். சன்னல் விளிம்பில் பீடம் அமைந்து, திரைச்சீலையும் அருகில் இருந்தால், பேட்டரியில் எரியும் வத்திகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

சடங்கின் முடிவில் பகிர்ந்துகொள்ளும் அப்பத்துக்கும் பானத்துக்கும் பீடத்தின் முன்புறம் ஒரு தட்டும் கோப்பையும் வைக்க இடம் விடுங்கள். தேன் சேர்த்த சிறு கேக்குகளும் சோம்பு போன்ற விதை தூவிய ரொட்டியும் வழக்கமாக இடம்பெறுகின்றன. பானம் மீட் என்னும் தேன்மதுவாகவோ வெறும் ஆப்பிள் சாறாகவோ இருக்கலாம். அதில் ஒரு பகுதி மண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டு, பிறகு தோட்டத்திலோ தொட்டிச் செடியின் அடியிலோ ஊற்றப்படும்.

விழா முடிந்து பீடத்தை எப்போது கலைப்பது என்பதைத் தோழியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாளில் கலைப்போரும் உண்டு, பூ வாடும் வரை விடுவோரும் உண்டு. வாடிய பூக்களும் பாசியும் உரக்குழிக்குப் போகட்டும். வண்ண ஓடுகளை நொறுக்கித் தொட்டிமண்ணில் கலந்துவிடலாம். விரும்பினால் காகிதத்தில் சுற்றி அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆசி பெற்ற விதைகளில் பட்டாணியையும் அகன்ற பீன்ஸையும் மார்ச் இறுதியிலேயே வெளியே ஊன்றலாம். தக்காளியும் சாமந்தியும் சூரியகாந்தியும் உள்ளே முளைக்கட்டும். நீங்கள் இருக்கும் வடபகுதியில் மே மாதக் கடைசி வரைகூட உறைபனி விழக்கூடும் என்பதால், அதன்பிறகே அவற்றை வெளியே நடுங்கள்.